பேஸ் மால்ட்: கூடுதல் காசு எங்கே கொடுக்கலாம், எங்கே வேண்டாம்

வீட்டில் 20 லிட்டர் பியர் காய்ச்சினால், போடும் தானியத்தில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு பேஸ் மால்ட்தான், அதாவது முளைக்க விட்டு உலர்த்திய பார்லி. ஈஸ்ட் தின்னும் சர்க்கரை இதிலிருந்து வருகிறது. மாவுச்சத்தை அந்தச் சர்க்கரையாக உடைக்கும் என்சைமும் இதிலிருந்துதான் வருகிறது. கிரிஸ்டல் மால்ட், சாக்லெட் மால்ட், ரோஸ்டட் பார்லி எல்லாம் நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சமாகச் சேர்ப்பவை. அதனால்தான் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் "சாதா டூ-ரோ போதுமா, மாரிஸ் ஆட்டர் வாங்கியே ஆக வேண்டுமா" என்ற கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். டூ-ரோ என்பது அமெரிக்கக் கடைகளின் சாதா பேஸ் மால்ட்; மாரிஸ் ஆட்டர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற பார்லி ரகம்.

என் பதில்: மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தப்பான இடத்தில் கத்தரி வைக்கிறார்கள். மலிவான மால்ட்டுக்கு மாறுவதில் கிடைக்கும் லாபம் சொற்பம். சில்லறையாக வாங்குவதை விட்டு மூட்டையாக வாங்கி வீட்டிலேயே உடைத்துக்கொண்டால் வரும் லாபம் பெரிது. கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இது அமெரிக்காவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. அங்கே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வீட்டுக்காகக் காய்ச்சும் பியருக்கு ஃபெடரல் வரி இல்லை. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு என்றால் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன் வரை காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மால்ட், எவ்வளவு காசு

ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் கணக்கில் கரைத்தால் ஏறக்குறைய 384 கிராவிட்டி பாயிண்ட் (கரைசலின் அடர்த்தி 1.050 என்றால் 50 பாயிண்ட்). மால்ட்டில் அது முழுதும் வராது. நல்ல மால்ட்டின் எக்ஸ்ட்ராக்ட், அதாவது நீரில் கரைந்து வரும் பங்கு, நைசாக அரைத்து ஈரம் கழித்துப் பார்த்தால், 81 சதவீதம். மால்ட்டில் ஈரம் 4 சதவீதம். ஆக 384 × 0.81 × 0.96, சுமார் 299. உங்கள் பாத்திரங்களின் மொத்தத் திறன், அதாவது அதில் நீங்கள் பிடிக்கும் பங்கு, 72 சதவீதம் என்றால் கிலோவுக்கு 215 பாயிண்ட் கைக்கு வரும். 20 லிட்டருக்கு 1.050 ஓஜி (ஈஸ்ட் போடும் முன் உள்ள கிராவிட்டி) வேண்டுமானால் தேவை 1000 பாயிண்ட். அப்படியென்றால் 4.65 கிலோ மால்ட்.

இப்போது மட்டமான ஒரு மூட்டையை எடுப்போம். எக்ஸ்ட்ராக்ட் 78, ஈரம் 5. அதே கணக்கில் 4.88 கிலோ வருகிறது. கால் கிலோகூட வித்தியாசம் இல்லை.

விலைக்கு வருவோம். கடைக்குக் கடை மாறும் என்பதால் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சில்லறையில் உடைத்துத் தரும் டூ-ரோ பவுண்டுக்கு 2 டாலர், அதாவது கிலோ 4.40. அதே டூ-ரோ 25 கிலோ மூட்டை 60 டாலர், கிலோ 2.40. இங்கிலாந்திலிருந்து வரும் மாரிஸ் ஆட்டர் மூட்டை 90 டாலர், கிலோ 3.60. 4.65 கிலோவுக்குச் சில்லறை டூ-ரோ 20 டாலர் 50 சென்ட். மூட்டை டூ-ரோ 11 டாலர் 20 சென்ட். மூட்டை மாரிஸ் ஆட்டர் 16 டாலர் 75 சென்ட்.

மூட்டையில் வாங்கிய உசத்தி மால்ட், சில்லறையில் வாங்கிய சாதா மால்ட்டைவிட மலிவு! மூட்டைக்கு மூட்டை ஒப்பிட்டாலும், 20 லிட்டரில் அடிக்கசடு போக 50 பாட்டில் சொச்சம் தேறும் என்றால், மாரிஸ் ஆட்டருக்குப் பாட்டிலுக்குப் பத்து சென்ட்தான் கூடுதல். உங்கள் கடை விலைகளை இதே வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள். எண்கள் நகரும், வரிசை பெரும்பாலும் மாறாது.

மூட்டை வாங்கினால் உடைக்க மில் வேண்டும். 120 டாலர் மில் ஒன்று, ஒரு காய்ச்சலுக்கு 9 டாலர் மிச்சம் என்ற கணக்கில் 13 காய்ச்சலில் தன் விலையை எடுத்துவிடும். மாதம் ஒன்று காய்ச்சுகிறவருக்கு ஒரு வருஷம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான் காய்ச்சுவீர்கள் என்றால் மூட்டையும் வேண்டாம், மில்லும் வேண்டாம். சில்லறையே சரி.

திறனை 72இலிருந்து 76க்கு ஏற்றிக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். அப்படி ஏற்றினால் மிச்சமாவது கால் கிலோ மால்ட். மூட்டை விலையில் அரை டாலர் சொச்சம். அதற்காகக் கடைசிச் சொட்டு வரை ஸ்பார்ஜ் செய்து (தானியத்தில் வெந்நீர் ஊற்றி அலசி), வடியும் வோர்ட்டின் (சர்க்கரை நீரின்) கிராவிட்டி 1.010க்குக் கீழே போய், பிஹெச் 6ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். அரை டாலருக்கு 20 லிட்டர் துவர்ப்பு பியர்.

விலை ஏன் அப்படி

மாரிஸ் ஆட்டர் 1960களின் நடுவில் கேம்பிரிட்ஜின் பிளான்ட் பிரீடிங் இன்ஸ்டிடியூட்டில் உருவான ரகம். பிராக்டர், பயனியர் இரண்டின் கலப்பு. இலையுதிர் காலத்தில் விதைப்பது. புதிய ரகங்கள் ஏக்கருக்குக் கூடுதல் விளைச்சல் தரத் தொடங்கியதும் 1980களின் இறுதியில் பரிந்துரைப் பட்டியலிலிருந்து கழன்றது. தானிய வியாபாரிகள் உரிமையை வாங்கி, விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு வளர்த்ததால்தான் பிழைத்துக் கிடக்கிறது. விளைச்சல் குறைந்த பயிரை விவசாயி போட வேண்டுமென்றால் கூடுதல் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். வார்மின்ஸ்டர் போன்ற ஆலைகளில் ஃப்ளோர் மால்ட்டிங், அதாவது தரையில் பரப்பி ஆள் வைத்துக் கிளறி முளைக்க விடுவது. அந்தக் கூலியும் சேரும். அதற்கு மேல் கப்பல் கட்டணம். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பங்குதான் சுவைக்கு. ஜெர்மனியின் வயர்மன், பெல்ஜியத்தின் காஸில் மால்ட்டிங் ஆகிய நிறுவனங்களின் மூட்டைகளுக்கும் கப்பல் கணக்கு உண்டு. வயர்மனின் ஊரான பாம்பெர்க் பக்கத்தில் இருப்பவருக்கு அது உள்ளூர் மால்ட்; உங்களுக்கு அது இறக்குமதி.

அமெரிக்க டூ-ரோவின் குணத்துக்கும் காரணம் உண்டு. பார்லி ரகங்களைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தது அரிசியும் சோளமும் கலந்து காய்ச்சும் பெரிய கம்பெனிகளின் தேவைக்கு. அரிசியில் என்சைமும் இல்லை, ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜனும் குறைவு. அதனால் மால்ட் இரண்டையும் தூக்கலாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. முழு மால்ட் பியர் காய்ச்சும் சிறு ஆலைகளுக்கு இந்தத் தூக்கல் தேவையில்லை; என்சைமும் நைட்ரஜனும் புரதமும் குறைந்த பார்லி வேண்டும் என்று 2014இல் அவர்களின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஓர் அறிக்கையே வெளியிட்டது. வீட்டில் காய்ச்சுகிறவருக்கு இதன் அர்த்தம் எளிது. ரார், ப்ரீஸ், கிரேட் வெஸ்டர்ன் என்ற அமெரிக்க நிறுவனங்களின் டூ-ரோ எதுவும் மட்டச் சரக்கு இல்லை. சுவையில் அடக்கம், என்சைமில் தாராளம், அவ்வளவே.

மூட்டையில் உள்ள லாட் நம்பர்

பிராண்ட் பெயரைவிட லாட் அனாலிசிஸ் தாள் பேசும், அதாவது அந்தத் தொகுதி மால்ட்டைச் சோதித்த அளவுகள் உள்ள தாள். பல நிறுவனங்களின் தளத்தில் மூட்டையில் அச்சிட்ட லாட் நம்பரைத் தட்டினால் கிடைக்கும். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அதே பிராண்ட் அடுத்த அறுவடையில் வேறு மால்ட்டாக இருக்கலாம்.

ஈரம் 4 முதல் 4.5 வரை நல்லது. 6ஐத் தொட்டால் எடுக்காதீர்கள். 25 கிலோவில் இரண்டு சதவீத ஈரம் என்பது அரை கிலோ தண்ணீர், மால்ட் விலையில். அதைவிட மோசம், அது சீக்கிரம் நமத்துப்போகும்.

மொத்தப் புரதம் 10 முதல் 12. மேலே போனால் எக்ஸ்ட்ராக்ட் குறையும், குளிரவைத்தால் பியர் கலங்கும். ஒன்பதுக்குக் கீழே போனால் நுரை நிற்காது.

கோல்பாக் இண்டெக்ஸ், சில தாள்களில் எஸ்/டி என்று இருக்கும். மொத்தப் புரதத்தில் கரைந்தது எத்தனை பங்கு என்பதைச் சொல்லும். 38 முதல் 45 வரை இருந்தால் 66, 67 டிகிரி செல்சியஸில் ஒரே மேஷ் (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது), ஒரு மணி நேரம், முடிந்தது. இங்கேதான் பலர் சறுக்குவது: பழைய ஜெர்மன் குறிப்பைப் பார்த்து 50 டிகிரியில் இருபது நிமிடம் புரோட்டீன் ரெஸ்ட், அதாவது புரதம் உடைய நிறுத்திவைப்பது, வைப்பார்கள். அந்தக் குறிப்பு அரைகுறையாக முளைத்த அந்தக் கால மால்ட்டுக்கு. இன்றைய 42 கோல்பாக் மால்ட்டுக்கு அதைச் செய்தால், நுரையைத் தாங்கும் புரதமும் உடைந்து பியர் நீர்த்துப்போகும். பிறகு பழி மால்ட் மேல். 36க்குக் கீழே உள்ள மால்ட் கிடைத்தால் மட்டும் அந்த ரெஸ்ட்டை யோசியுங்கள்.

நைசு அரைவைக்கும் கொரகொரப்பு அரைவைக்கும் இடையிலான எக்ஸ்ட்ராக்ட் வித்தியாசம் 1.5க்குள் இருந்தால் சரி. 2ஐத் தாண்டினால் தானியத்தின் உள்ளே இறுகிய பகுதி மிச்சம் இருக்கிறது. ஐரோப்பியத் தாள்களில் இதற்குப் பதில் ஃப்ரையபிலிட்டி (மணி எவ்வளவு எளிதில் பொடியாகும் என்பது) இருக்கும். 80க்கு மேல் வேண்டும். பீட்டா குளுக்கான் என்ற பிசுபிசுப்புப் பொருள் 180 பிபிஎம்முக்கு மேல் போனால் மேஷ் கூழாகி வடியாமல் நிற்கும்.

டயஸ்டாட்டிக் பவர், அதாவது என்சைமின் பலம், லிண்ட்னர் அளவில். மொத்த தானியத்தின் சராசரி 35க்குக் கீழே போகக் கூடாது. அமெரிக்க டூ-ரோ 130 பக்கம், மாரிஸ் ஆட்டர் 55 பக்கம், வெளிர் மியூனிக் மால்ட் 40 பக்கம். நாற்பது சதவீதம் அரிசி சேர்த்தால் டூ-ரோவில் சராசரி 78, கவலையே இல்லை. மாரிஸ் ஆட்டரில் 33. மேஷில் விடும் அயோடின் சொட்டு கறுத்தே நிற்கலாம், அதாவது மாவுச்சத்து உடையாமல் மிச்சம் இருக்கலாம். விலை கூடிய மால்ட் எல்லா இடத்திலும் உசத்தி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஐரோப்பியத் தாளில் டபிள்யூகே என்ற அளவில் இருந்தால் 16ஐக் கூட்டி 3.5ஆல் வகுங்கள், லிண்ட்னர் வரும்.

அரிசி பேச்சு வந்ததால்: இந்தியக் கடைப் பொன்னி அரிசியே போதும், ஆனால் குழைய வேகவைத்துத்தான் மேஷில் கொட்ட வேண்டும். அரிசி மாவு இளகும் சூடு பல ரகங்களில் மேஷ் சூட்டைவிட அதிகம். வேகாத நொய்யைப் போட்டால் போட்டபடி கிடக்கும்.

எந்த பியருக்கு எது

ஹாப்ஸ் அள்ளிப் போடும் ஐபிஏ, வறுத்த தானியம் தூக்கலான ஸ்டவுட், பழம் போட்ட சவர் என்ற புளிப்பு பியர். இவற்றில் மாரிஸ் ஆட்டர் போட்டாலும் நாக்குக்குப் பிடிபடுவது கஷ்டம். டூ-ரோ போதும். இங்கிலீஷ் பிட்டர், மைல்ட், ஒரே மால்ட் ஒரே ஹாப் போட்டுக் காய்ச்சுவது, செக் அல்லது ஜெர்மன் பில்ஸ்னர், இவற்றில் ஒளிய இடமில்லை. அங்கே பாட்டிலுக்குப் பத்து சென்ட் கூடக் கொடுப்பதில் யோசிக்கவே வேண்டாம்.

நடுவழி ஒன்று உண்டு. டூ-ரோ 90 சதவீதம், மியூனிக் 10 சதவீதம். அல்லது டூ-ரோ 85, வியன்னா 15. பேல் ஏல், ஆம்பர், பிரவுன் எல்லாவற்றுக்கும் இது அழகாகப் பொருந்தும். மாரிஸ் ஆட்டரின் பிஸ்கட் மணம் அப்படியே வராது. அந்தப் பக்கத்து வீடு வரை வரும். வீட்டில் ஒரு மூட்டைதான் வைக்க இடம் என்றால் டூ-ரோ மூட்டை ஒன்று, மியூனிக் சில்லறையாக மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வேன். லாகர் பக்கம் சாய்கிறவர் டூ-ரோ இடத்தில் பில்ஸ்னர் மால்ட் வைக்கலாம். அதில் ஏலும் காய்ச்சலாம்.

ஆனால் பில்ஸ்னர் மால்ட்டுக்கு மறைமுகச் செலவு உண்டு. குறைந்த சூட்டில் உலர்த்துவதால் எஸ்எம்எம் என்ற பொருள் அதிகம் தங்கும். கொதிக்கும்போது அது டிஎம்எஸ் ஆக மாறும். வேகவைத்த சோளத்தின் வாடை. எஸ்எம்எம் பாதியாகக் குறையவே கொதிநிலையில் 40 நிமிடம் பக்கம் பிடிக்கும் என்பதால் 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடம், மூடி திறந்து, தளதளவென்று கொதிக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் சட்டென்று குளிர்விக்க வேண்டும். அரை மணி நேர கேஸ், கூடவே ஆவியாகும் தண்ணீர், இரண்டையும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, வெளிர் மால்ட் மேஷின் பிஹெச்சை அதிகம் இறக்காது. சுத்திகரித்த நீரில் பிஹெச் 5.7 பக்கம் நிற்கும், வேண்டியது 5.3 முதல் 5.5. அசிடுலேட்டட் மால்ட் (அமிலம் ஏற்றிய மால்ட்) ஒரு சதவீதம் சேர்த்தால் 0.1 இறங்கும். கடினத் தண்ணீர் ஊர்களில் இன்னும் கூடுதல் வேண்டியிருக்கும்.

இரண்டு மால்ட்டில் எது என்று முடிவு செய்யக் காய்ச்சிப் பார்க்க வேண்டியதில்லை. ஹாட் ஸ்டீப் என்றொரு முறை உண்டு. 50 கிராம் மால்ட்டைக் காபி கிரைண்டரில் மாவாக அரைத்து, தெர்மாஸில் போட்டு, 65 டிகிரி தண்ணீர் 400 மில்லி ஊற்றி, இருபது விநாடி குலுக்கி, பதினைந்து நிமிடம் விடுங்கள். காபி ஃபில்டர் பேப்பரில் வடியட்டும். முதலில் வடியும் 100 மில்லியை மறுபடி ஊற்றினால் தெளிந்து வரும். ஆறியதும் இரண்டு டம்ளரையும் பக்கத்தில் வைத்து மோந்து, குடித்துப் பாருங்கள். பில்ஸ்னரில் வைக்கோலும் பிசைந்த மாவும் தெரியும். மாரிஸ் ஆட்டரில் பிஸ்கட். மியூனிக்கில் ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த வாசனை. புழுங்கல் வாடையோ அட்டைப்பெட்டி வாடையோ வந்தால் அந்த மால்ட் பழசு. இரண்டு டம்ளருக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், விலை குறைந்ததையே வாங்குங்கள்.

உடைப்பதும் வைப்பதும்

புது மால்ட் வாங்கியதும் கிராவிட்டி ஐந்து பாயிண்ட் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது மில்லின் இடைவெளி. மாரிஸ் ஆட்டர் போன்ற பருமணிக்கு 1 மில்லிமீட்டர் சரி. சன்னமணி மால்ட்டை அதே இடைவெளியில் விட்டால் பாதி மணி முழுசாக வெளியே வரும். 0.9க்கு இறக்குங்கள். கோதுமை மால்ட் சின்னது, கெட்டி, 0.75. கிரெடிட் கார்டின் தடிமன் 0.76 என்பதால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாதவருக்கு அதுவே அளவுகோல். உடைத்ததில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். உமி கிழியாமல் கூடாக இருக்க வேண்டும், உள்ளே நாலைந்து துண்டு நொய், கொஞ்சம் மாவு, முழு மணி ஒன்றுகூடக் கூடாது. எல்லாம் மாவாக இருந்தால் மேஷ் அடைத்துக்கொள்ளும், உமிதான் வடிகட்டி. உமி நொறுங்கினால், உடைப்பதற்குப் பத்து நிமிடம் முன் எடையில் 2 சதவீதம் தண்ணீர், 4.65 கிலோவுக்கு 90 மில்லி சொச்சம், தெளித்துப் பிசறி வையுங்கள். உமி தோல்போல் வளையும், கிழியாது. அதற்கு மேல் தெளித்தால் உருளையில் ஒட்டும். மால்ட் தூசியில் பியரைப் புளிப்பாக்கும் லாக்டோபாசிலஸ் பாக்டீரியா ஏராளம். ஈஸ்ட் வேலை செய்யும் பாத்திரமான ஃபெர்மென்டர் இருக்கும் அறையில் மில்லை ஓட்டாதீர்கள்.

25 கிலோ மால்ட் 45 லிட்டர் இடம் பிடிக்கும். 19 லிட்டர் பக்கெட் ஒன்றில் பத்து கிலோ, ஆக மூட்டைக்கு மூன்று பக்கெட், ரப்பர் வளையம் உள்ள திருகு மூடியோடு. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் உடைக்காத மால்ட் ஒரு வருஷம் தாராளமாக நிற்கும். உடைத்தது சில வாரம்தான். சில்லறையில் உடைத்து வாங்குகிறவர் அந்த வாரமே காய்ச்சிவிடுவது நல்லது. மூட்டையைக் கராஜில் சிமெண்டுத் தரையில் அப்படியே சாய்த்து வைத்தால் கோடையில் ஈரம் ஏறும்.

நமத்துவிட்டதா என்று பார்க்கப் பல்லே போதும். நல்ல மால்ட் நறுக்கென்று உடைந்து மாவாகும். நமத்தது ரப்பராக நசுங்கும். நமத்ததை வறுத்து மீட்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம், உலர்த்தும் சூட்டில் என்சைம் போகும், போன மணமும் திரும்பாது. லேசாக நமத்தது என்றால் ஸ்டவுட்டுக்கு எடுத்துக்கொண்டு, பத்து சதவீதம் கூடப் போட்டுத் தீர்த்துவிடலாம். பூசண வாடை வந்தால் உரக்குழிக்கு. வண்டு தெரிந்தால் அந்தப் பக்கெட்டை மட்டும் தனியே எடுத்து, நெருக்கிக் கட்டிய பைகளில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், இல்லையென்றால் காற்றின் ஈரம் மணியில் படியும். பிறகு சல்லடையில் சலித்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற இரண்டு பக்கெட்டையும் அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.